மூன்று விரல் தண்ணீர்

ஒவ்வொரு நாளும் மூன்று விரல். நேற்றுக் கீறி வைத்த கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கி நின்றதைக் கண்டதும் நீக்கிலாஸ் கிழவருக்கு உச்சந்தலை சுட்டது. மகன் அருள்நாயகம் கனடாவின் மிசிசாகாவில் வீடு வாங்கிப் பின்வளவில் நீச்சல் குளம் கட்டுவித்து இரண்டு மாதம் ஆகவில்லை. கட்டினவன் சூசைதாசன். எட்டு வருசம் வெள்ளைக்காரனிடம் நின்று தொழில் பழகிவிட்டு, சொந்தமாகச் செய்த முதல் குளம் இது.

"வெயிலுக்கு வத்துதாம் பப்பா" என்றான் அருள்நாயகம்.

"உவன் சொல்லுவான், நீ தலையாட்டு. இஞ்ச வந்து பார்."

குளத்துப் படியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தார் கிழவர். நேற்று வைத்தது. அதில் நகக்கண் அளவுகூடக் குறையவில்லை.

"வெயில் என்ன, வாளியைக் கண்டு ஒதுங்கிப் போகுதோ?"

அருள்நாயகம் ஹோஸை மறுபடி குளத்துக்குள் போட்டான். கிழவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஒரு மாதமாக ஹோஸ் குளத்தை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கிவிட்டன, பயற்றை கருகிப் போயிற்று. வேலியோரப் பந்தலில் கசப்புப் பாவல் மட்டும் பச்சைப் பசேலென்று காய்த்துத் தள்ளியது. தன் கைராசி என்று சொல்லிக்கொண்டார். அணில் அண்டாமல் இருக்க, புல்லுக்குள் கம்பியோடு சும்மா குத்திக் கிடந்த நாலு சிவப்புக் கொடிகளைப் பிடுங்கி அந்தப் பந்தலில் கட்டியிருந்தார்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "சூசைதாசன் சுத்தக் கள்ளன். ஓட்டைக் குளம் கட்டித் தந்திட்டு வெயிலைச் சாட்டுறான்." அவனிடம் குளம் கட்டுவிக்க இருந்த இரண்டு குடும்பங்கள் அடுத்த நாளே வேண்டாம் என்றுவிட்டன.

சனிக்கிழமை சூசைதாசன் இரண்டு வேலையாட்களோடு வந்தான். முகம் செத்திருந்தது.

"ஐயா, குழாயெல்லாம் காத்தடிச்சுச் சோதிச்சுத்தான் மண் மூடினனான். இண்டைக்குத் தண்ணியை இறைச்சுப்போட்டு அடியில விரிச்ச பிளாஸ்ரிக்கை வெட்டிப் பாக்கிறன். என்ர செலவு. அதிலயும் ஒண்டும் பிடிபடேல்லையெண்டால் தொழிலை விட்டிட்டுப் பழையபடி வெள்ளைக்காரனிட்டைப் போறன்."

"போ. போறவன் சொல்லிக்கொண்டு நிக்கமாட்டான்."

அவன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் கிழவர் பந்தலுக்குப் போனார். அதன் நடுக்கால் கம்பின் அடியில், ஈர மண்ணில் செருப்பு புதைந்தது. மழை பெய்து மூன்று கிழமை. இவரும் இதற்கு ஒரு வாளி ஊற்றியதில்லை. விரலை விட்டுக் கிளறினார். தண்ணீர் ஊறியது. முகர்ந்தார். குளோரின்.

அப்படியே நின்றார். குளம் முடிந்த மறுகிழமை இந்தக் கால் நடுவதற்குத்தான் இரும்பு அலவாங்கால் குத்திக் குழி போட்டார். பாதி ஆழத்தில் டக்கென்று தட்டியது. கல் என்று நினைத்து, கல்லைத் தூஷணத்தால் திட்டி, இருந்த பலமெல்லாம் சேர்த்து இன்னும் ஒரு குத்துக் குத்தினார். விட்டுக்கொடுத்தது. அந்தக் கிழமைதான் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

ஒருவரும் காணவில்லை. வாயைத் திறக்காவிட்டால் சூசைதாசன் கள்ளனாகவே இருப்பான், கோயில் வாசலில் சொன்ன சொல்லும் சொன்னபடி நிற்கும். வேலையாள் ஒருவன் இறைக்கிற மெசினை ஓட்ட அதன் கயிற்றைப் பிடித்துக் குனிந்தான்.

"நிப்பாட்டடா!"

நடுக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினார். குழியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது.

சூசைதாசன் ஓடிவந்து தண்ணீரைப் பார்த்தான். பிறகு பந்தலைப் பார்த்தான்.

"ஐயா, குழாய் போற பாதைக்கு நான் குத்தி விட்ட கொடியெல்லோ உது?"

"எனக்கு ஆர் சொன்னது?"

"கொடியிலயே எழுதிக் கிடக்கே, தோண்ட வேண்டாமெண்டு."

"எழுதினாப்போல? எனக்கென்ன இங்கிலீசு வாசிக்கத் தெரியுமோ!" கத்தின பிறகுதான், மகனும் பக்கத்தில் நிற்பது தெரிந்தது.

"நாளைக்குப் பூசைக்கு வா" என்றார் கிழவர். "அதே வாசலில நிண்டு, கள்ளன் எண்ட வாயாலேயே, பிழை என்னிலதான் எண்டு சொல்லுறன்."

"சொல்லுவீங்களோ?"

"பின்னை? உன்னைப் போல வெயிலைச் சாட்டுவனெண்டு நினைச்சியோ?"

சூசைதாசன் தலை குனிந்தான். "குழாயை மாத்திறதெண்டால் பந்தலைப் பிடுங்க வேணும் ஐயா."

வேலையாள் மண்வெட்டியோடு வந்தான்.

"தள்ளடா அங்கால! ஒருத்தரும் கை வைக்கப்படாது."

படியில் இருந்த வாளியைத் தூக்கி, தண்ணீரை வாடிக் கிடந்த மிளகாய்க்கு ஊற்றினார். பாவற்காய்களை ஒவ்வொன்றாக ஆய்ந்து வாளிக்குள் எறிந்தார், பிஞ்சு முற்றல் பார்க்கவில்லை. பிறகு பாவலின் அடியைப் பிடித்து வேரோடு இழுத்தார். நாலு சிவப்புக் கொடியும் சேர்ந்து சேற்றில் விழுந்தன. அவற்றைப் பொறுக்கிச் சூசைதாசன் கையில் திணித்தார்.

"இந்தா. இனித் தமிழிலயும் எழுது."