ஐமோஜீன் பிக்கெட்டுக்கு ஞாபகம் வந்த ஆட்டங்கள்

அந்த வருஷக் கோடையில் டொலீடோ ஹெரன்ஸ் பெண்கள் கூடைப்பந்து அணி ஜெயித்த நாட்களில் ஐமோஜீன் பிக்கெட்டுக்குத் தன் மகளை அடையாளம் தெரிந்தது. தோற்ற நாட்களில் தெரியவில்லை. மகள் டெலோரா அந்த அணியில்தான் ஆடினாள். பந்தை மேலே கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பங்கிடுவது அவள் வேலை. வயது முப்பத்து நான்கு, இரண்டு முழங்காலிலும் அறுவைத் தழும்பு, தொழிலாக ஆடத் தொடங்கி பதினோராம் வருஷம். ஐமோஜீன் கண்ணாடி ஆலையில் முப்பத்தோரு வருஷம் பாட்டில்களை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து விரிசல் பார்த்தவர். ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தார், பிறகு தெருவை, கடைசியாகக் கிறிஸ்துமஸ் சமயத்தில் டெலோராவை. தேய்ந்துபோன ஞாபகம் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மே மாதம் ஹெரன்ஸ் முதல் ஆட்டத்தில் ஜெயித்தது. அரங்கத்தில் ஆட்டம் முடிந்த மணி ஒலித்த அதே கணத்தில், வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஐமோஜீன் நிமிர்ந்து, டெலோரா இன்னும் வரவில்லையா என்று கேட்டார்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹோர்வாத். டெலோரா வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது ஐமோஜீனோடு இருந்து பார்த்துக்கொள்பவர் அவர். நல்ல நாட்களுக்குச் சமையலறைக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வைப்பார். ஜூன் நடுவில் அந்த வட்டங்களை அணியின் ஆட்ட அட்டவணைக்கு அருகில் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை. டாக்டர் அட்டவணையை ஒரு பிரதி எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, மாத்திரையை மாற்ற வேண்டாம் என்றார். தேவாலயத்தில் பாஸ்டர் ஞாயிறு ஜெபத்தில் நோயாளிகளுக்குப் பிறகு அணியின் மூன்று புள்ளித் தூர எறிதல்களையும் சேர்த்துக்கொண்டார். உள்ளூர்ப் பத்திரிகை ஜூலை முதல் ஆட்ட முடிவுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘திருமதி பிக்கெட்: தெரிகிறது’ அல்லது ‘தெரியவில்லை’ என்று போட ஆரம்பித்தது. பஸ் ஓட்டுநர்கள் முந்தின நாள் ஆட்டம் எப்படி என்று ஒருவரையொருவர் கேட்பதை விட்டுவிட்டு, அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அணிப் பெண்களும் வெறிகொண்டு ஆடினார்கள். அதுவரை கடைசி இடத்திலேயே கிடந்து பழகிய அணி அது.

ஜெயிப்பதில் இன்னொன்றும் இருந்தது. அதை டெலோரா ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஐமோஜீனுக்கு ஞாபகம் வந்தால் முழுதாக வரும். இளைய மகள் ஜூனெட், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில், கல்லூரியில் அக்கா ஆடும் ஆட்டத்தைப் பார்க்கக் காரில் கிளம்பி, பனி உறைந்த நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்கு அடியில் போய்ச் செத்தாள். அந்தச் சாவும் ஒவ்வொரு முறையும் ஞாபகத்தோடு புதிதாகத் திரும்பி வந்தது. ஜூன் கடைசியில் ஓர் ஆட்டத்துக்கு அம்மாவை அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். முந்தின ஆட்டம் தோல்வி. ஆகவே ஐமோஜீன் முன்பின் தெரியாத அந்த நெட்டைப் பெண் பந்தைப் போடும்போதெல்லாம் மரியாதைக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஹெரன்ஸ் ஜெயித்து மணி ஒலித்தது. “டெலோரா” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். டெலோரா ஓடி வருவதற்குள் அந்த முகம் கலைந்துவிட்டது. ஒன்பதாயிரம் பேர் எழுந்து நின்று ஆரவாரம் செய்துகொண்டிருந்தபோது, இளையவளைப் பிணவறையில் அடையாளம் காட்டிவிட்டு அப்போதுதான் வெளியே வந்தவர் மாதிரி ஐமோஜீன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

தோற்ற நாட்களில் அப்படி இல்லை. பாட்டு இருக்கும். ஜூனெட் கல்லூரியில் படிக்கிறாள், வெள்ளிக்கிழமை வந்துவிடுவாள் என்று அவள் மெத்தைக்கு உறை மாற்றுவார். டெலோராவை, யாரோ சர்ச்சிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்பும் பெண் என்று நினைத்துக்கொள்வார். அன்றைக்கெல்லாம் ‘அம்மா’ என்றால் திரும்பமாட்டார். ‘மிஸஸ் பிக்கெட்’ என்று கூப்பிட வேண்டும். தனக்கு இரண்டு பெண்கள் என்று அவளிடமே சொல்வார். சின்னவள் தங்கம். பெரியவள் பந்து விளையாடப் போனவள், எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. டெலோரா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

தொடர்ந்து ஜெயித்தால் துக்கம் பழசாகும் என்று அவள் கணக்குப் போட்டாள். ஜூலையில் ஹெரன்ஸ் விடாமல் ஒன்பது ஆட்டம் ஜெயித்தது. மூன்று வாரம் அம்மா அம்மாவாகவே இருந்தார். முதல் வாரம் அழுதார், இரண்டாம் வாரம் சாப்பிட்டார், மூன்றாம் வாரம் டெலோராவின் முழங்காலில் பனிக்கட்டி ஒத்தடம் வைத்து, சின்ன வயதில் பால் பிடிக்காமல் அவள் பண்ணின அழிச்சாட்டியத்தையெல்லாம் சொன்னார். டெலோராவுக்கு அதுதான் வாழ்க்கையிலேயே நல்ல வாரம். பிறகு சாக்ரமெண்டோவில் இரண்டு புள்ளியில் தோற்றார்கள். அதற்கு அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஜூனெட் மறுபடி முதலிலிருந்து செத்தாள். அந்தக் கோடையில் ஹெரன்ஸ் இருபத்திரண்டு ஜெயித்து, பன்னிரண்டு தோற்று, ஊர் சரித்திரத்தில் முதல் முறையாக இறுதிச் சுற்றுக்குப் போனது. மூன்றில் இரண்டு ஜெயித்தவருக்குக் கோப்பை. அதற்கு முந்தின ஆட்டம் தோல்வி; ஆகவே முதல் ஆட்டத்தை ஜெயித்தபோது ஜூனெட் செத்தது ஒன்பதாவது முறை.

மறுநாள் காலை ஐமோஜீன் கண் வீங்கி, ஆனால் முழுத் தெளிவோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியை டெலோராவுக்குக் காட்டினார்.

“இன்னும் எத்தனை ஆட்டம் இருக்கு?”

“ஒண்ணு, இல்லாட்டி ரெண்டு.”

“கடைசி ஆட்டத்துல தோத்துரு.”

டெலோரா கெஞ்சிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டால் அடுத்த மே வரை ஆட்டமே இல்லை, எட்டு மாசம் ஞாபகம் அப்படியே இருக்கும், துக்கமும் ஆறிவிடும் என்றாள். எட்டு மாசம் நீ என்னை அம்மா மாதிரி திட்டலாம் என்றாள்.

“ஜூலைல ஆறுச்சுன்னு நினைச்சியா? அது ஆறல. உள்ள போய் உக்காந்துக்கிச்சு, அவ்வளவுதான்” என்றார் ஐமோஜீன். “ஒன்பது தடவை புதைச்சாச்சு. பெத்தவளுக்கு ஒரு தடவையே அதிகம்.”

“தோத்துட்டா நான் யாரு உனக்கு?”

ஐமோஜீன் கொஞ்ச நேரம் மகள் முகத்தையே பார்த்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை அது.

“சாப்பாடு கொண்டு வருமே, அந்த நெட்டைப் பொண்ணு. அவளையும் எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு, டெலோரா.”

இரண்டாம் ஆட்டம் வெளியூரில். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, எதிரணி நன்றாக ஆடியது, ஹெரன்ஸ் தோற்றது. ஊர் திரும்பியதும் டெலோரா, அணியின் நடுவாட்டக்காரி ஓப்பல் ரீட்மனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஓப்பல் ஆறடி நாலங்குலம், பன்னிரண்டு வருஷமாகக் கோப்பையைக் கையால் தொடாதவள். கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “நான் ஜெயிக்கத்தான் ஆடுவேன். உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்” என்றாள். எழுந்து கதவு வரை போனவள் நின்றாள். “ஆனா கடைசிப் பந்து உன் கைக்கு வந்தா, அது உன்னோடது. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றாம் ஆட்டம். காலையில் டெலோரா சாப்பாட்டோடு போனபோது ஐமோஜீன் ஜன்னல் திரைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டு, துணிகளுக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தார். கோடை முழுக்க அழுத கண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நல்ல வெயில் இருக்கே, நீயும் உன் துணியைக் கொண்டுவந்து காயப்போடேன் என்றார்.

டெலோரா அன்றைக்கு ஆடினதைப் போல அதற்கு முன் ஆடினதில்லை. இருபத்தாறு புள்ளி போட்டாள். வேண்டுமென்றே ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை என்று அன்று அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆறு விநாடி மிச்சம். ஹெரன்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து டெலோராவிடம். அவளை மறித்துநின்ற எதிரணிப் பெண் கால் இடறி விழுந்தாள். வளையத்துக்கும் டெலோராவுக்கும் இடையில் யாருமே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை போட்டாலும் விழும் தூரம். டெலோரா இரண்டடி எடுத்து வைத்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வளையம் தெரிந்தது, ஓப்பலின் முகம் தெரிந்தது. ஜூலையில் முழங்கால்மேல் இருந்த அந்தக் கையின் கனம் தெரிந்தது. இதைப் போட்டால் அந்தக் கை எட்டு மாசத்துக்குத் தன்னுடையது என்றும் தெரிந்தது. ஆறு விநாடி அவ்வளவு நீளம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. அரங்கத்தில் சத்தமே இல்லை. மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து திட்டத் தொடங்கினார்; அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மணி ஒலித்தது.

ஓப்பல் வந்து அவள் கையிலிருந்து பந்தைப் பிரித்து எடுத்து நடுவரிடம் கொடுத்தாள். சொன்னபடியே ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் டெலோராவோடு பேசவும் இல்லை. பத்திரிகை மறுநாள் வழக்கமான இடத்தில் வழக்கமான எழுத்தில் ‘தெரியவில்லை’ என்று போட்டது. டெலோரா அந்த வாரமே ஆட்டத்தை விட்டாள். பிறகு ஒரு உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பந்து தட்டச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த மே மாதம் ஹெரன்ஸ் முதல் ஆட்டத்தை ஜெயித்தபோது மிஸஸ் ஹோர்வாத் பேனாவோடு காலண்டர் பக்கத்தில் நின்றார். ஐமோஜீன் பட்டாணி உரித்துக்கொண்டே இருந்தார். டெலோரா ஆடாத ஆட்டத்துக்கு அவர் தலையில் இடமில்லை போலிருக்கிறது. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பத்திரிகை அந்த வரியை எடுத்துவிட்டது. ஊரும் மறுபடி முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தது.

ஐமோஜீன் அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். ஒரு நாள்கூட அழவில்லை. டெலோரா தினமும் போனாள். கதவைத் தட்டி, சர்ச்சிலிருந்து வருகிறேன் மிஸஸ் பிக்கெட் என்று சொல்லி, உள்ளே போவாள். கடைசி வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐமோஜீன் தானே கோழி பொரித்து, கீரை வேகவைத்து, சோள ரொட்டி சுட்டு, மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தார். டெலோரா பாத்திரத்தை வைத்துவிட்டுக் கிளம்பப் போனாள். எங்கே போகிறாய், உட்கார் என்றார் ஐமோஜீன். சின்னவளுக்கு ரயில் தாமதமாம். பெரியவள் வழக்கம்போல வரவில்லை, சாப்பாடு ஆறுகிறது.

“இது உங்க பெரிய பொண்ணு தட்டாச்சே, மிஸஸ் பிக்கெட். அவங்க ஏதும் நினைச்சுக்க மாட்டாங்களா?”

“அவளா? மாட்டா. அவளுக்கு மனசு பெருசு” என்று ஐமோஜீன் நாற்காலியை இழுத்துவிட்டார். “வெக்கப்படாம சாப்பிடு.”

டெலோரா உட்கார்ந்து சாப்பிட்டாள். கீரையில் உப்பு கொஞ்சம் கூடுதல். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவர் கேட்டபோது, போடுங்கள் என்று தட்டை நீட்டினாள்.