அப்பாவின் காப்பீட்டில் பாதி

அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தபோது, செலவு ஆளுக்குப் பாதி என்று அக்காவும் தங்கையும் பேசி முடித்தார்கள். அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவள். தங்கை ஒரு பெரிய நிறுவனத்தில் மேலாளர். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம், ஆளுக்கொரு ரசீது. அக்கா தன் பங்குக்காக நாலு மாதம் ஓவர்டைம் பார்த்தாள்.

வருஷக் கடைசியில் தங்கை போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். "அப்பாவுக்குக் கட்டினதுல எனக்கு மூவாயிரத்து அறுநூறு வரி குறைஞ்சிருக்குக்கா."

அக்கா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ரசீதும் கையுமாகத் தங்கையின் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா ரசீதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க சம்பளத்துக்கு வரியே கிடையாதேம்மா. வரி இருந்தாத்தானே அதுல கழிக்க முடியும்?"

"நானும் அதே பன்னிரண்டாயிரந்தானே கட்டினேன்?"

"கட்டினீங்க. ஆனா வரி கட்டாம இருக்கிறதே உங்களுக்கு ஒரு சலுகைதானே."

"சோப்பு வாங்கினா வரி, செருப்பு வாங்கினா வரி. அந்த பில்லையெல்லாம் கொண்டுவரட்டுமா?"

குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வந்த எரிச்சலோடு நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே இன்னொன்றும் தெரியவந்தது. தங்கை புருஷனின் அப்பா அம்மாவுக்குக் காப்பீட்டுச் செலவே இல்லை.

"அதை அவர் கம்பெனியே பாத்துக்குதுக்கா," என்றாள் தங்கை, மழை வருமா என்று கேட்பதுபோல.

அக்காவின் தொழிற்சாலை அவளுக்கு மட்டும்தான் பார்க்கும். அதுவும் தொழிற்சாலை கேட்டுக்கு உள்ளே அடிபட்டால்.

"அடுத்த வருஷம் முழுசும் நீயே கட்டு. உனக்கு வரியில குறையறது போக மிச்சத்துல பாதிய நான் தர்றேன்."

தங்கையின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்பா விஷயத்துல போய்க் கணக்குப் பாக்கறியா?"

"நான் எங்கடி பாத்தேன்? உன் ஆடிட்டர் பாத்து முடிச்சுட்டாரு."

பிறகு தங்கை மெல்லச் சொன்னாள். "சரிக்கா, அப்படியே செய்வோம். சத்தியமா எனக்கு இது தோணவே இல்ல."

அது உண்மைதான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அதனாலேயே எரிச்சல் இன்னும் ஏறியது. யாரைத் திட்டுவது?

மறுநாள் பக்கத்து மெஷின்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் தைத்தபடியே கேட்டாள்.

"எனக்குப் பணக்காரத் தங்கச்சி இல்லையே. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அக்கா கோபத்தில் மெஷின் மிதியை அழுத்திய அழுத்தில் காலர் கோணிக்கொண்டது. தையலை உட்கார்ந்து பிரித்தாள்.