ஆயுத அறைக்குள் வந்த ஈரம்

மழை பிடித்துக்கொண்டதிலிருந்து ஏட்டம்மாவுக்கு நிம்மதியே போயிற்று. காவல் நிலையத்தின் ஆயுத அறை அவர் பொறுப்பு. பன்னிரண்டு துப்பாக்கிகளையும் எண்ணெய் தொட்டுத் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகளைப் பொட்டலம் பொட்டலமாக வைத்துப் பூட்டுவார். மறுநாள் திறந்தால் மணிகளெல்லாம் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகியிருக்கும். ஒரு துப்பாக்கியின் குழலில் பொட்டுப் பொட்டாகத் துரு வேறு.

கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, வழக்கமில்லாத நேரத்தில் கதவைத் திறந்தார். துப்பாக்கிகளுக்குப் பின்னால் ஒரு கொடி கட்டியிருந்தது. அதில் ஒரு காக்கிச் சட்டையும் இரண்டு ஜோடி காலுறையும் சொட்டிக்கொண்டிருந்தன. இன்னொரு சாவி இன்ஸ்பெக்டரிடம் மட்டும்தான் உண்டு. நேரே அவர் அறைக்குப் போனார்.

"ஐயா, உள்ள துணி காயுதே, யாரோடதுங்கய்யா?"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "வீட்ல நாலு நாளா எதுவும் காயலம்மா. நம்ம ஸ்டேஷன்லயே காஞ்ச இடம் அதுதானே..."

"காஞ்ச இடமாத்தான் இருந்துச்சுங்கய்யா, நீங்க கொடி கட்டுற வரைக்கும்."

இன்ஸ்பெக்டர் முகத்தில் அசடு வழிந்தது. ஆயுத அறைக்குப் போய்த் துணிகளை அள்ளி வெளியே போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு துரு தேய்க்க உட்கார்ந்தார்.

ஏட்டம்மா தோட்டாப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். மூடியின் ரப்பர் இறுக்கமாக இருந்ததால் உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தன. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அந்த ஓரத்தையும் நல்லா தேய்ங்கய்யா," என்றார்.

"சரிங்கம்மா," என்று இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்ததும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.