ஒட்டுப்போர்வையின் வயது

பழம்பொருள் காட்சிசாலையில் அவரை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதருக்கு அவர் ஜோசியம் சொன்னதில்லை, துணிக்குத்தான். கையால் தைத்த பழைய போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தால் அதன் வயதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். மேசைமேல் விரிப்பதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். 'கடவுளே, என் வாயில் பொய்யும் வரக் கூடாது, என்னால் யார் மனசும் நோகக் கூடாது' என்பது அந்த நேரத்துப் பிரார்த்தனை. இரண்டும் ஒன்றாக நடப்பது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று வந்தவர்கள் இரண்டு பேர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்த அவருடைய சித்தி.

"போர்வைக் கண்காட்சி வைக்கப்போறீங்களாமே சார்," என்றார் டீச்சர். "இது எங்கம்மா தச்சது. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே அவங்க போயிட்டாங்க. ஒரு போட்டோகூடக் கிடையாது. அவங்க கைபட்டதுன்னு என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். நீங்க வயசைச் சொல்லிட்டா, பக்கத்துல அவங்க பேரைப் போட்டு வைக்கலாம்."

சொல்லும்போதே அவர் விரல்கள் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தன.

"அதுக்கப்புறம் அப்பா இவங்களைக் கட்டிக்கிட்டார். என்னை வளர்த்தது சித்திதான்."

"வளர்த்தேனா? மேய்ச்சேன்," என்றார் சித்தி, நாற்காலியில் சாய்ந்தபடி. "ஒரு இடத்துல நிக்குமா இது? இவ டீச்சர் வேலைக்குப் போறேன்னதும் அந்தப் பள்ளிக்கூடத்தை நெனச்சுத்தான் எனக்குக் கவலை."

ஜோசியர் சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டினார். மேலே சதுரம் சதுரமாக ஒட்டித் தைத்த துண்டுகள், கீழே முழுத்துணி, உள்ளடைப்போடு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது சீரான கைத்தையல்.

ஒட்டுப்போர்வைக்கு வயது பார்ப்பதில் ஒரு விதி உண்டு. இருக்கிற துண்டுகளில் எது இளையதோ அதைத்தான் பார்க்க வேண்டும். பழைய துணியைப் பெட்டியில் போட்டுவைத்து எப்போது வேண்டுமானாலும் தைக்கலாம். இன்னும் நெய்யாத துணியை யாராலும் தைக்க முடியாது.

நடுவில் ஒரு நீலக் கோடு போட்ட துண்டு இருந்தது. பூதக்கண்ணாடியால் பார்த்தார். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, அதன் பிரிந்த ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை இடுக்கியால் எடுத்துத் தீயில் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, முனையில் கறுப்பு மணியாகத் திரண்டது.

"பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன்," என்றார் ஜோசியர். கண்டுபிடித்த உற்சாகம் அவர் குரலில் இருந்தது. "நீங்க பொறந்தப்ப இது கடைக்கே வரலைம்மா. நீங்க பள்ளிக்கூடம் போற வயசுலதான் வந்துச்சு. அப்படின்னா இந்தப் போர்வையை உங்க..."

அங்கே அவர் நாக்கு நின்றது. நின்று என்ன பயன்? டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன தம்பி, தீப்பெட்டியை வச்சுக்கிட்டு வயசு சொல்றீங்க?" சித்தி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அவ அம்மா தச்சதுதான் அது! எனக்குத் தெரியாதா? அந்தத் துண்டு கிழிஞ்சிருக்கும், பின்னாடி யாராவது ஒட்டுப் போட்டிருப்பாங்க."

"ஒட்டுப் போட்டா மேல உட்காரும்மா," என்றார் ஜோசியர் தணிந்த குரலில். "இது பக்கத்துத் துண்டுங்களோட சேர்ந்து உள்ள மடிஞ்சிருக்கு. எல்லாம் ஒரே நேரத்துல தச்சது."

"உங்க கண்ணாடியை மாத்துங்க!"

"விடுங்க சித்தி," என்றார் டீச்சர். "சார் பொய் சொல்லலை. எனக்குத்தான் கொடுத்துவைக்கலை."

அவர் போர்வையை மடிக்கத் தொடங்கினார். ஜோசியருக்கு வெறுமனே நிற்க மனம் வரவில்லை. செய்ய வேறொன்றும் தெரியாமல் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். மேசையில் விரித்துப் பார்த்தவர், அதுவரை அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. பஞ்சு மட்டும் வைத்த போர்வை இத்தனை கனக்காது. உள்ளே ஏதோ மேடு தட்டுப்பட்டது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினார். மேலே தையலெல்லாம் நேர்நேராக ஓடியது. உள்ளே ஓடிய மேடு சாய்வாக இருந்தது.

"ஒரு நிமிஷம்மா. இப்படி ஜன்னல்கிட்ட வாங்க."

இருவருமாக அதை ஜன்னல் கண்ணாடிமேல் உயர்த்திப் பிடித்தார்கள். வெயில் ஊடுருவியதும் சதுரங்களுக்குப் பின்னால் முக்கோணங்கள் தெரிந்தன. முக்கோணங்கள் கூடி நட்சத்திரங்களாக இருந்தன. சில இடத்தில் கிழிந்து, சில இடத்தில் கால் மட்டும் மிஞ்சிய நட்சத்திரங்கள்.

ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ள அனுமதி கேட்டு, உள்ளேயிருந்து ஒரு நூலை எடுத்து எரித்தார். சாம்பல். பூதக்கண்ணாடியோடு நெடுநேரம் குனிந்திருந்தார். இந்த முறை அவசரப்படவில்லை.

"உள்ள இன்னொரு போர்வை இருக்கு. முழுக்கப் பருத்தி. சாயமும் பழைய சாயம். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்த துணின்னு நான் தைரியமா சொல்லுவேன். அதையே உள்ள வச்சு, மேலயும் கீழயும் புதுசா மூடித் தச்சிருக்காங்க. யாரு தச்சாங்கன்னு துணி சொல்லாதும்மா."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தி."

"என்னடி?"

"இங்க பாருங்க."

"நல்லதுக்குத்தான் துவைச்சேன்," என்றார் சித்தி, இன்னும் சுவரிடமே. "நான் கல்யாணமாகி வந்த புதுசு. தண்ணில நனைச்சதும் கையோட பிஞ்சு வந்துடுச்சு. நீ அது இல்லாம தூங்க மாட்டே. 'அம்மா போர்வை, அம்மா போர்வை'ன்னு ஒரே அழுகை. உங்கப்பா சட்டை, என் பாவாடைன்னு கையில கிடைச்சதை வெட்டி மேல வச்சுத் தச்சேன்."

"நான் வேற போர்வைன்னு கேட்கலையா?"

"கேக்காம? 'அம்மா போர்வைதான், துவைச்சதுல வெளுத்துடுச்சு'ன்னேன். நம்பிட்டே. படிப்புல மட்டும்தான் நீ கெட்டி."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலாமே! நீங்க இதைத் தொடக்கூடாதுன்னு நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன்."

"சொல்லி? அம்மா தச்சதுன்னாத்தான் நீ தூங்குனே. நான் தச்சதுன்னா தூங்குவியா? எனக்கு வேண்டியது நீ தூங்கறது."

டீச்சர் சித்தியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "விடுடி, தம்பி பாக்கறாரு," என்றார் சித்தி. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

ஜோசியர் பூதக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். எவ்வளவோ போர்வைகளை அவர் பார்த்திருக்கிறார். தான் செய்ததைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாமல், அதை இன்னொருத்தி பேரிலேயே காப்பாற்றிவந்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார். யாருக்கும் தெரியாமல் செய்கிற உதவியைக் கடவுள் தனியாகக் கவனிக்கிறார் என்று அவர் நம்பினார். இன்று அதைத் தனக்கும் காட்டியதாகத் தோன்றியது.

"கண்காட்சிக்குக் கொடுப்பீங்களாம்மா?" என்று கேட்டார். "ஜன்னல் வெளிச்சத்துல தொங்கவிட்டா ரெண்டுமே தெரியும்."

"கொடுக்கறேன் சார். ஆனா ரெண்டு பேரையும் போடணும்."

"என் பேரெல்லாம் எதுக்கு?" என்றார் சித்தி.

"போட்டே ஆகணும். இல்லேன்னா தரமாட்டேன்."

சித்தி கொஞ்ச நேரம் போர்வையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தேயிராத அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

"அப்படின்னா அக்கா பேரை முதல்ல போடுங்க தம்பி," என்றார். "மூத்தவங்க இல்லையா."