திரும்பிக் கிடந்த துண்டு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, லிஃப்டில் திருடியது. கீழ்வீட்டுப் பெண் செடிகளின் மரபணுவை ஆராய்கிறவள். ஒருநாள், "ஒரு துண்டு திரும்பிக் கிடந்துச்சு, நான் தனி இனம்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தன் மாடியில் இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பசுமையின் கருவறைக்குள் காலம் தன் கையெழுத்தை..." வேண்டாம். இப்படி எழுதுகிறவனை நானே படிக்கமாட்டேன்.

2

நேராகச் சொல்கிறேன். கதையில் இரண்டே பேர், மருமகளும் மாமனாரும். (கணவனை வேலை விஷயமாக வெளியூர் அனுப்பிவிட்டேன். இருந்தால் நடுவில் புகுந்து சமாதானம் பேசிக் கதையைக் கெடுத்துவிடுவான்.)

மாமனார் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். இளவயதில் ஒரு பாறைச் சரிவில் கண்ட செடியைப் புது இனம் என்று சொல்லிப் பெயர் வைத்தவர். இலையின் அடியில் வெள்ளை முடி, பூவில் ஓர் இதழ் குட்டை. அவருக்கு அது போதும். கூட வேலை பார்த்தவர்களுக்குப் போதவில்லை. ஊரெல்லாம் முளைக்கும் சாலையோரச் செடிதான் பாறையில் போய் முடி வளர்த்துக்கொண்டிருக்கிறது என்று சிரித்தார்கள். வாழ்நாளில் அவர் கண்டுபிடித்தது அந்த ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் அவர் பேர் சொல்ல ஒன்றுமில்லை.

மருமகள் ஆய்வகத்தில் பசுங்கணிகத்தைப் படிக்கிறவள். இலையைப் பச்சையாக்கி, வெயிலைக் கொண்டு செடிக்குச் சமைத்துப் போடும் நுண்ணிய உறுப்பு அது. அதற்கென்று தனி மரபணுத் தொகுப்பு உண்டு, வளையமாக. இரண்டு செடிகளின் வளையங்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் யாருக்கு யார் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்துவிடும். முகஜாடை பார்த்து உறவு சொல்வதைவிட இது நம்பகமானது என்பது அவள் கட்சி.

மாமனாரின் செடியைப் படித்தாள். வளையத்தில் ஒரு பெரிய துண்டு, சாலையோரச் செடியில் இருப்பதற்குத் தலைகீழாகக் கிடந்தது. தனி இனமேதான் என்று அன்று மாலையே அவரிடம் சொல்லிவிட்டாள்.

3

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தவர்களையெல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். அதில் ஒருவர் இறந்துவிட்டிருந்தார், அவருடைய மகனிடம் சொன்னார். தாவரவியலாளர் கூட்டத்தில் என் மருமகள் இதைப் பேசப்போகிறாள், வந்து கேளுங்கள் என்று எல்லோரையும் அழைத்தார்.

கூட்டத்தன்று காலை, வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. அங்கே காட்டப்போகும் படங்களைச் சரிபார்க்க மூலத் தரவுகளைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் துண்டு சாலையோரச் செடியிலும் இரண்டு விதமாகக் கிடந்தது. ஒரே இலைக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான வளையங்களில் பாதியில் நேராக, பாதியில் தலைகீழாக. பெரும்பாலான செடிகளில் அப்படித்தான். கணினி இரண்டில் ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டுகிறது. சட்டையை உள்வெளியாகப் போட்டாலும் அதே சட்டைதானே. துண்டைத் திருப்பி வைத்து மறுபடி ஒப்பிட்டாள். இரண்டு வளையங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழை இது. அவள் புதியவள் இல்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

4

முடிவு அ: மறைத்துவிடுகிறாள், கைதட்டு வாங்குகிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பின்வரிசையில் யாராவது கை தூக்குவார்கள். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: சொல்லிவிடுகிறாள். மாமனார் புன்னகைத்து, "உண்மைதாம்மா முக்கியம்" என்கிறார். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. பார்த்தாலும் எனக்குப் பிடிக்காது.

முடிவு இ: பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியாக வருவது. அது சொல்வது தாய்வழிக் கதை மட்டுமே. தந்தைவழியும் தெரிய செல்லின் உட்கருவில் உள்ள மரபணுவைப் படிக்க வேண்டும், அங்கே வித்தியாசம் இருக்கலாம், ஆகவே அவள்... (இது நிஜம்தான். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். கூட்டம் இன்று மதியம்.)

5

அறைக்குள் போனாள். அவர் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் தப்பாப் படிச்சுட்டேன். அந்தத் துண்டு முக்காவாசிச் செடியில ரெண்டு பக்கமும் திரும்பும். இப்ப கையில இருக்கிறத வச்சு ரெண்டும் வேறன்னு சொல்ல முடியாது."

அவர் வாரி முடித்தார். தந்தைவழியைப் பார்த்தாயா என்று கேட்டார். (நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே கேட்டார்.) இனிமேல்தான், என்ன வரும் என்று தெரியாது என்றாள். கூட்டத்தில் என்ன சொல்வாய் என்றார். இதையேதான், என் தப்பையும் சேர்த்து, என்றாள். பெற்ற அப்பாவைவிட இவர்மேல் அவளுக்குப் பாசம் அதிகம், அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"நான் கூப்பிட்டவங்க எல்லாரும் வந்துடுவாங்க" என்றார். சீப்பு இன்னும் கையில் இருந்தது.

"நான் வரணுமாம்மா?"

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. வாங்க என்றால், அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அவர் அதைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால், அவரை நினைத்து இவள் கூசுகிறாள் என்றாகிவிடும். பேசாமல் நிற்பதும் வேண்டாம் என்பதுதான். நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.