இசபெல்லா இல்லை

மே மாதம் ஓத்தியாவின் வீட்டில், ஆல்டர் மரத்தில் ஏறியிருந்த பழைய திராட்சைக் கொடி என்ன வகை என்று லமாராதான் பார்த்துச் சொன்னாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் கொடி பார்க்க வேண்டிய வீடு இன்னும் இரண்டு பாக்கி. ஓர் இலையைத் திருப்பினாள்; அடியில் வெள்ளையாகப் பஞ்சு.

"இசபெல்லா திராட்சைதான். ஊரெல்லாம் இருக்கே, வெட்டிக்கோங்க."

குரியா வட்டாரத்தில் பழைய திராட்சை வகைகளுக்கு அவள் சொல்வதுதான் தீர்ப்பு. ஓத்தியாவின் மனைவி பாபுட்சா மட்டும், "எங்க மாமனார் அப்படிச் சொல்லலையே" என்று முணுமுணுத்தாள். மகனுடைய காருக்கு ஷெட் போட இடம் தேடிக்கொண்டிருந்த ஓத்தியா அன்றைக்கே கோடாரியை எடுத்துவிட்டார்.

ஷெட் எழுந்ததும் விருந்துக்குக் கூப்பிட்டார். சோள ரொட்டி, பாலாடைக்கட்டி. மண்ணில் புதைத்த ஜாடியிலிருந்து போன வருஷத்து ஒயினை மொண்டு ஊற்றினார்.

"அந்தக் கொடியோட கடைசி ஒயின். ஷெட்டுக்காகக் குடி, லமாரா!"

கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனவள் நின்றாள். இசபெல்லா என்றால் ஸ்ட்ராபெரி வாசனை மூக்கில் அடித்திருக்க வேண்டும். இதில் துளியும் இல்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். காட்டுச் செர்ரி போல ஒரு துவர்ப்பு, நாக்கில் நின்று நிதானமாக இறங்கியது. இப்படியொன்றை அவள் எங்கும் குடித்ததில்லை.

"வேரு இருக்கா, ஓத்தியா?"

"அஸ்திவாரத்துக்குத் தோண்டியாச்சு. விறகும் எரிஞ்சுபோச்சு. ஏன்?"

பேசாமல் குடித்துவிட்டு எழுந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அது இசபெல்லா இல்ல. நான் அவசரத்துல தப்பா சொல்லிட்டேன்."

ஓத்தியா ஷெட்டையே பார்த்தார். பாபுட்சாதான் வாயைத் திறந்தாள்: "அதை இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா. இந்த மனுஷனுக்கு என் பேச்சு காதுலயே ஏறாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் நனைந்திருந்தது. அவள் திட்டியிருந்தால் லமாராவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க லமாரா வீடு வீடாகத் தேடினாள். மேல் ஊரில், ஓத்தியாவின் அக்கா புருஷன் வீட்டுப் பேரிக்காய் மரத்தில், கறுத்த சின்னக் குலைகள். மென்றாள்; அதே துவர்ப்பு. "கல்யாணத்தப்போ அப்பா எங்க வீட்டுக் கொடியிலேர்ந்து வெட்டிக் கொடுத்த குச்சி" என்றாள் அக்கா.

குளிர்காலத்தில் குச்சி வெட்டி வந்து, ஷெட்டை ஒட்டி லமாராவே குழி தோண்டி நட்டாள். மூன்று துளிர்த்தன. துளிர் நசுங்காமலிருக்க, காரைத் தெருவிலேயே விடும்படி ஓத்தியா மகனிடம் சொல்லிவிட்டார்.

"காய்க்கட்டும், நீதான் முதல் கிண்ணம்" என்று அவர் போனில் சொல்லும்போதெல்லாம் லமாரா "சரி" என்பாள். அந்த வீட்டு மேஜையில் மட்டும் அவளால் திரும்ப உட்கார முடியவில்லை.