வெள்ளைக்காரன் கிட்டார்

“மாமா, அந்தக் கிட்டாரை எனக்குக் குடுங்க.”

உன் மாமன் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் ஹேமலதாவை அவள் அம்மா கண்ணாயி வளர்த்திருந்தாள். ஏன் என்று சொன்னதில்லை. காரணம் சொல்லாத பேச்சுக்குத் தலையாட்டும் பழக்கத்தை ஹேமலதா காலேஜோடு விட்டுவிட்டாள்.

ராசப்பன் மாமா மிளகுச் சாக்கை உதறிக்கொண்டே சிரித்தார். “ஏங்கண்ணு, பட்டம் வாங்குனா வெள்ளைக்காரன் கிட்டாரும் வேணுமா? எங்க பாட்டனுக்குத் தொரை குடுத்ததுன்னு எங்கப்பன் கொண்டாந்து மாட்டுனது. சாயங்காலம் லாட்ஜ் தனசேகரன் காசு குடுத்து எடுத்துட்டுப் போக வாரான்.”

“பாக்கவாச்சும் குடுங்க.”

“பாத்துட்டு மாட்டிரோணும். உங்கம்மா மாதிரி கை நீளக் கூடாது. கண்ணாலத்துக்கு முன்னாடி எஞ்சைக்கிள் சக்கரத்துல கம்பி கம்பியா உருவிட்டா. எங்கப்பன் அடிச்சுக் கேட்டும் எதுக்குன்னு வாயத் தொறக்கலையே!”

ஆணியிலிருந்து இறக்கினாள். நல்ல கனம். வெளியே கருஞ்சிவப்பு, துரை பங்களா மேசை மாதிரி. தந்திகளில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன, அவையும் துரு. செல்போன் வெளிச்சத்தை நடுத்துளைக்குள் அடித்தாள். உள்ளே மஞ்சள். வெயிலும் புகையும் படாத பலாப்பலகையின் மஞ்சள்.

எந்தத் துரை பலாவில் கிட்டார் செய்தான்?

கிட்டாரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். குறுக்கே பதித்திருந்தவை சைக்கிள் கம்பிகள். ஒன்றின் நுனியில் திருகு மரைகூட அப்படியே இருந்தது. அம்மா உருவிய கம்பிகள்.

ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் அரக்கு வைத்து அடைத்த ஒரு பழைய வெட்டு. பழைய வெட்டுகள் ஏணிப்படி மாதிரி ஒரே இடைவெளியில் இருந்தன. கம்பிகள் அப்படியில்லை, கீழே போகப் போக நெருங்கின. விடுதித் தோழியின் கிட்டாரில் பார்த்த அதே நெருக்கம். எங்கேயோ தூரத்தில் ஒருமுறை ஒரு கிட்டாரைப் பார்த்துவிட்டு அம்மா முதலில் அந்த வெட்டுகளை அறுத்திருக்கிறாள். சுரம் சேரவில்லை. அடைத்துவிட்டு, காதை மட்டும் நம்பி, ஒவ்வொரு கம்பியாக நகர்த்தி நகர்த்தி அந்த இடங்களைக் கண்டுபிடித்திருக்கிறாள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே இது நாளைக்குப் பழுக்கும் என்று சொல்கிற காது.

ஹேமலதாவுக்குக் கோயிலில்கூட இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

“மாமா, தொட்டுப் பாருங்க. உங்க சைக்கிள் கம்பி. இது எங்கம்மா செஞ்சது.”

மாமா தொட்டார். விரல் மரையில் நின்றது.

“அப்ப எங்கப்பன் ஏன் தொரை குடுத்ததுன்னு சொல்லோணும்?”

“பொட்டப்புள்ள செஞ்சதுன்னு சொல்ல வாய் வரலீங்க, அதான்.”

கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

“ஏ புள்ள, தனசேகரன் வந்தா என்னன்னு சொல்றது?”

“வெள்ளைக்காரி வந்து தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க!”

தந்தி நாமக்கல்லில் கிடைக்கும். அம்மா திட்டுவாள். முதலில் வாசிக்கட்டும், அப்புறம் திட்டட்டும். ஹேமலதா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.